ஜூலையில் பணியேற்பு, ஒன்று முதல் மூன்று வகுப்பு: முதல் நாள் என்ன செய்வது?

வேம்படி | வெள்ளி, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். பல வருடம் தேர்வு எழுதி, கலந்தாய்வு முடிந்து, ஒருவழியாக இடைநிலை ஆசிரியர் நியமன ஆணை கைக்கு வந்துவிட்டது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கிடைத்திருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி ஓர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியைக்கு. ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு, மூன்றும் ஒரே அறையில். 23 பிள்ளைகள். திங்கள் முற்பகல் சேர வேண்டும்.

பயிற்சி நிறுவனத்தில் படித்தபோது கற்பித்தல் பயிற்சிக்குப் போனதோடு சரி, அதுவும் ஏழு வருடம் முன்பு. அப்போது வகுப்பு டீச்சர் பின்னால் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் அவருக்குப் பயந்து என் பேச்சைக் கேட்டார்கள். இப்போது பின்னால் யாரும் இல்லை.

பள்ளி ஜூனிலேயே திறந்துவிட்டது. நான்தான் நடுவில் போய் நிற்கப்போகிறேன். ஒரு கதை, இரண்டு பாட்டு, ஒரு விளையாட்டு, மணிவாரியாகத் திட்டம் எல்லாம் நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அரும்பும்மொட்டும் | வெள்ளி, இரவு 9.48

வாழ்த்துகள் டீச்சர். முதலில் அந்த நான்கு பக்கத்தை மடித்துப் பைக்குள் வையுங்கள். கிழிக்க வேண்டாம், வியாழக்கிழமை வாக்கில் பயன்படும்.

நான் 11 வருடமாக ஒன்று முதல் மூன்று வரைதான் எடுக்கிறேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தை மறந்து வந்து நின்றார்கள். அதனால்தான் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. உங்கள் அறையில் மூன்று வகுப்பு இருந்தாலும், பார்க்க வேண்டியது அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளைத்தான். அரும்பு தொடக்க நிலை, மலர் மேல் நிலை. மூன்றாம் வகுப்பில் அரும்பும் இருக்கும், இரண்டாம் வகுப்பில் மலரும் இருக்கும். யார் எந்த நிலை என்று தலைமை ஆசிரியையிடம் இருக்கும். முதல் நாள் அதைக்கூடக் கேட்காதீர்கள் என்பேன். கேட்டால் பெயருக்குப் பதிலாக நிலைதான் மனதில் பதியும். ஒரு நாளாவது பிள்ளையைப் பிள்ளையாகப் பார்த்துவிடுங்கள்.

செயலியில் வருகைப்பதிவு, அதில் உங்கள் பெயரை இந்தப் பள்ளிக்கு மாற்றிக் கேட்பது எல்லாம் எப்படியும் சில நாள் இழுக்கும். அதற்காகச் செல்பேசியோடு வகுப்புக்கு வெளியே நிற்காதீர்கள்.

கரும்பலகைத்தாத்தா | வெள்ளி, இரவு 10.15

நான் பணியேற்றது 1984. ஓராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்பும் நானே. முதல் நாள் பாட்டும் கூத்துமாகக் கத்தித் தீர்த்தேன். பதினோரு மணிக்குக் குரல் போய்விட்டது, மிச்ச நாள் முழுக்க சைகையில் ஓடியது. சிரிக்காதீர்கள், அந்தச் சைகைப் பாதி நாள்தான் அன்றைக்கு உருப்படியாக நடந்தது. நான் பேசாததால் பிள்ளைகள் பேசினார்கள்.

முதல் நாள் எழுத்து வேண்டாம், எண் வேண்டாம் அம்மா. மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்.

சாப்பிட்டானா. இப்போது 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு இருக்கிறது, எங்கள் காலத்தில் மதியச் சத்துணவு மட்டும்தான், அதுவே வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் உணவு இருப்பது வேறு, பிள்ளை சாப்பிட்டிருப்பது வேறு. தாமதமாக வருகிற பிள்ளைக்குப் பானை காலியாகியிருக்கும்.

ஒன்றுக்குப் போக எப்படிக் கேட்கிறான். சில பிள்ளை கேட்கவே கேட்காது, காலைப் பின்னிக்கொண்டு நிற்கும்.

சாயங்காலம் யாரோடு போகிறான். இதை எழுதியே வையுங்கள். பள்ளிக்கூட நாளில் பயப்பட வேண்டிய நேரம் மணி அடித்த பிறகு வருகிற பத்து நிமிடம்தான்.

வரப்பில்நிற்பவன் | வெள்ளி, இரவு 10.31

இத்தனை ஆலோசனை எதற்கு? மேசை மேல் ஒரு பிரம்பை வையுங்கள். அடிக்கச் சொல்லவில்லை, வைத்தாலே போதும். முதல் நாள் சிரித்த வாத்தியாரை வருடம் முழுக்க யாரும் மதிப்பதில்லை. நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் படித்தோம், கெட்டா போனோம்?

அரும்பும்மொட்டும் | வெள்ளி, இரவு 10.40

அண்ணா, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். உடலை அடிப்பது மட்டுமல்ல, மனதை வதைப்பதும் அதில் தடை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் பிரம்பைக் காட்சிக்கு வைப்பது எதில் சேரும்?

இரண்டாம்வகுப்பு_அப்பா | வெள்ளி, இரவு 11.02

என் பையனின் பழைய பள்ளியில், பெயர் வேண்டாம், புதிதாக வந்த ஒருவர் முதல் நாளே மரஸ்கேலை மேசையில் தட்டித் தட்டிப் பேசினாராம். இவனை அடிக்கவில்லை, யாரையுமே அடிக்கவில்லை. இவன் ஒன்றுக்கு வருகிறது என்று கேட்கப் பயந்து கால்சட்டையிலேயே போய்விட்டான். ஈரத்தோடு மூன்று மணி வரை உட்கார்ந்திருக்கிறான். அதற்கப்புறம் பத்து நாள் பள்ளிக்கூட வேன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். வைத்தாலே போதும் என்கிறீர்களே, போதும்தான்.

வரப்பில்நிற்பவன் | வெள்ளி, இரவு 11.09

உங்கள் பையன் கதை வேறு. நான் சொன்னது பொதுவாக.

மழலைக்கூடம் | சனி, காலை 7.15

நான் தனியார் பள்ளியில் எல்கேஜி. அரசு வேலைக்காரர்கள் பேசும் இடத்தில் என் பேச்சு எடுபடுமோ தெரியாது, ஆனால் அழுகிற பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு. ஒவ்வொரு ஜூனிலும் முப்பது முப்பத்தைந்து பேர். ஒருவன் ஆரம்பித்தால் போதும், அடைமழைத் தவளை மாதிரி அறை முழுக்கப் பிடித்துக்கொள்ளும்.

நான் தூக்க மாட்டேன். ஒன்றைத் தூக்கினால் இன்னும் பத்து கை நீளும், நமக்கு இருப்பது ஒரு இடுப்பு. அழுகிற பிள்ளை கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவேன். சாக்பீஸ் டப்பாவைப் பிடித்துக்கொள், என் பேனா மூடியைப் பத்திரமாக வைத்துக்கொள், இப்படி. பொறுப்பு வந்தால் அழுகை பாதி நிற்கும். பொய் மட்டும் சொல்ல மாட்டேன். "அம்மா இதோ வந்துடுவாங்க" என்று காலை ஒன்பதரைக்குச் சொன்னால் பத்து மணிக்கு நாம் பொய்யர். "சாப்பிட்டு, தூங்கி, விளையாடினதும் அம்மா வருவாங்க" என்பேன். மணி தெரியாத பிள்ளைக்கு அதுதான் மணி.

கரும்பலகைத்தாத்தா | சனி, காலை 8.30

மழலைக்கூடம் சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். பொய் சொல்லாதீர்கள் என்பது நூற்றுக்கு நூறு. தூக்க வேண்டாம் என்பதை ஒப்ப மாட்டேன். 23 பிள்ளை உள்ள கிராமத்துப் பள்ளியில் தூக்கலாம். இடுப்பில் ஒன்று, கையில் சாக்பீஸ். நான் அப்படித்தான் பாதி சர்வீஸ் ஓட்டினேன்.

மழலைக்கூடம் | சனி, காலை 8.41

உங்களுக்கு இடுப்பு வலி வந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் ஐயா :)

கரும்பலகைத்தாத்தா | சனி, காலை 8.52

வந்தது. இப்போதும் இருக்கிறது.

வாவிக்கரை | சனி, முற்பகல் 11.20

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். கல்வியியற் கல்லூரி முடித்துத் தரம் 1 படிப்பிக்கிறேன். இங்கே ஆண்டு தொடங்குவது ஜனவரியில். புதுப் பிள்ளைகளுக்குக் கால்கோள் விழா வைப்போம். தரம் 2 பிள்ளைகள் வாசலில் நின்று பூக் கொடுத்துக் கையைப் பிடித்துக் கூட்டிவருவார்கள். போன வருடம் இதே வாசலில் குழறி அழுதவர்கள் இந்த வருடம் பெரிய ஆட்கள் மாதிரி நிற்பதைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான் டீச்சர். அங்கே புதுப் பிள்ளை நீங்கள்தான். பழைய பிள்ளைகள் உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகட்டும். எங்கே என்ன இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

வரப்பில்நிற்பவன் | சனி, மதியம் 1.05

23 பிள்ளைக்கு முழு நேர ஆசிரியர், அவருக்கு முதல் நாள் பதற்றம் வேறு. நல்ல வேலை.

அரும்பும்மொட்டும் | சனி, மதியம் 1.30

60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ள கணக்கு. தலையை எண்ணினால் சுலபமாகத்தான் தெரியும். ஒரே அறையில் ஒருவனுக்கு ட, ப, ம எழுதிக்கொடுத்து, இன்னொருவனுக்குக் கழித்தல் கணக்குப் போட்டு, மூன்றாமவனை வாசிக்கச் சொல்லி, அதற்கிடையில் ரப்பர் வழக்குக்குத் தீர்ப்பும் சொல்லிப் பாருங்கள்.

மட்டுறுத்துநர் | சனி, மதியம் 2.00

தலைப்பை விட்டு விலக வேண்டாம். வேம்படி, திங்கள் இரவு வந்து எழுதுங்கள். பள்ளியின் பெயர், பிள்ளைகளின் பெயர், படம் எதுவும் இங்கே வேண்டாம்.

வேம்படி | திங்கள், இரவு 10.05

வந்துவிட்டேன். கால் வலிக்கிறது, தொண்டை பிழைத்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் வருகிற முதல் பேருந்தில் எட்டு மணிக்கே போய்விட்டேன். திங்கள் என்பதால் உப்புமாவும் சாம்பாரும். பிள்ளைகள் வராந்தாவில் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லா வாயும் ஒரே நேரத்தில் நின்றது. தலைமை ஆசிரியை பணியேற்பு அறிக்கை எழுதச் சொன்னார். "முற்பகல்" என்று மூன்று இடத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட விட்டார். ஒரு வேளைச் சம்பளம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறதாம்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து வகுப்புக்குள் நுழைந்தேன். "வ...ண...க்...கம் டீ...ச்...சர்" என்ற அந்த ராகம் இங்கேயும் அப்படியே இருக்கிறது, தூத்துக்குடியிலிருந்து யாரோ ரயிலேற்றி அனுப்பிய மாதிரி. பெயர் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் "உள்ளேன் ஐயா". எனக்கு முன்னால் இருந்தவர் ஆண். மூன்று நான்கு பேர் "உள்ளேன் ஐயா டீச்சர்" என்று திருத்திக்கொண்டார்கள்.

கதையைத் தொடங்கினேன். ஒரு நரி என்றேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "டீச்சர், இன்னும் பாயே போடலை" என்றான். பார்த்தால் எல்லோரும் தரையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கிறார்கள். வாவிக்கரை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "பாய் எங்கே இருக்கு, எப்படிப் போடுவீங்க, எனக்குக் காட்டுங்க" என்றேன். அவ்வளவுதான். அலமாரிக்குப் பின்னாலிருந்து பாய் வந்தது, ஒன்றாம் வகுப்பு ஜன்னல் பக்கம், இரண்டாம் வகுப்பு சுவரில் கரும்பலகை தீட்டிய பக்கம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிலேட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். மூலை உடைந்தது யாருடையது, சட்டம் கழன்றது யாருடையது என்று அவளுக்கு மனப்பாடம். நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

இப்போது என் முட்டாள்தனம். "எல்லாரும் குச்சி எடுங்க" என்றேன். எங்கள் ஊரில் சிலேட்டுக் குச்சி என்போம், சுருக்கமாகக் குச்சி. ஒரு நொடி அமைதி. அப்புறம் ஏழெட்டுப் பேர் வெளியே ஓடினார்கள். நான் கூப்பிடக் கூப்பிட ஓடினார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொரு கையிலும் வேப்பங்குச்சி, புளியங்குச்சி. ஒருவன் நல்ல தடிமனாக ஒன்றை என்னிடம் நீட்டி, "டீச்சர், யாரை அடிக்கணும்?" என்றான். இங்கே அதற்குப் பெயர் பல்பமாம். வரப்பில்நிற்பவன் அண்ணன் ஒரு பிரம்பு கேட்டார், எனக்கு ஒரு கட்டே கிடைத்தது.

அந்தக் குச்சிகளை வீணாக்கவில்லை. விரல் நீளத்துக்கு ஒடிக்கச் சொன்னேன். பத்து பத்தாகச் சேர்த்து என் தலைமுடிக்கு வைத்திருந்த ரப்பர் பேண்டைப் போட்டுக் கட்டினோம். மூன்றாம் வகுப்பு கட்டை எண்ணியது, இரண்டாம் வகுப்பு உதிரியை எண்ணியது, ஒன்றாம் வகுப்பு ஒடித்தது. நான்கு பக்கத் திட்டத்தில் இது இல்லவே இல்லை.

ஒன்றாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பத்தரை மணிக்கு மெதுவாக அழ ஆரம்பித்தாள். மழலைக்கூடம் சொன்னபடி சாக்பீஸ் டப்பாவைக் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். தாத்தா சொன்னபடி தூக்கினேன், இன்னும் சத்தமாக அழுதாள். ஏன் என்று கேட்டால் "கடுப்பு, கடுப்பு" என்கிறாள். ஐந்து வயதில் என்ன கடுப்பு, யார் மேல் கடுப்பு, என் மேல்தானா என்று எனக்குப் பகீரென்றது. சிலேட்டுக்காரப் பெண்தான் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "வயிறு வலிக்குதாம் டீச்சர். தெலுங்குல கடுப்புன்னா வயிறு. அவ லேட்டா வந்தா, டிபன் சாப்பிடலை."

சமையல் அக்காவிடம் ஓடினேன். பாத்திரம் கழுவி முடித்திருந்தார். என் டிபன் டப்பாவில் இரண்டு தோசை இருந்தது. ஒன்றரை சாப்பிட்டாள். மிச்ச அரையைப் பக்கத்திலிருந்தவன் கேட்காமலே எடுத்துக்கொண்டான். அதன் பிறகு மதியம் முட்டையோடு சாப்பிட்டு, ஜன்னலோரம் சுருண்டு தூங்கிவிட்டாள்.

கடைசியாக, தாத்தா பயமுறுத்திய அந்தப் பத்து நிமிடம். மதியமே நோட்டில் பெயர் எழுதி, யார் அண்ணனோடு, யார் பாட்டியோடு, யார் தனியாக என்று எல்லாம் குறித்துவிட்டேன். பெருமையாக இருந்தது. மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் வரிசையில் எண்ணினால் 22. மறுபடி எண்ணினேன், 22. கழிப்பறை, அலமாரிக்குப் பின்னால், பாய்க்கு அடியில் எல்லாம் பார்த்தாயிற்று. கை நடுங்குகிறது. தலைமை ஆசிரியையிடம் ஓடுகிறேன், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "அங்கன்வாடியில் பாருங்க." அடுத்த கட்டடம். அங்கே என் ஒன்றாம் வகுப்பு ஆள் தன் தம்பிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறான். தினமும் மூன்றரைக்கு எழுந்து போய்விடுவானாம். அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். "ஏன்டா யாரும் சொல்லலை?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே டீச்சர்."

கரும்பலகைத்தாத்தா | திங்கள், இரவு 10.40

நான் சொன்னதில் ஓட்டை இருந்திருக்கிறது. யாரோடு போகிறான் என்று கேட்கச் சொன்னேன், மணி அடிப்பதற்கு முன்னால் எங்கே போகிறான் என்று கேட்கச் சொல்லவில்லை. நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள். அந்தப் பையனை நிறுத்தாதீர்கள், சொல்லிவிட்டுப் போகப் பழக்குங்கள்.

மழலைக்கூடம் | திங்கள், இரவு 10.52

சாக்பீஸ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாளா! பசித்த பிள்ளைக்கு என் வித்தை எதுவும் பலிக்காது, சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு மூன்று தோசை கொண்டுபோங்கள். அந்த அரைத் தோசைக்காரனும் வருவான்.

அரும்பும்மொட்டும் | திங்கள், இரவு 11.00

தோசை ஒரு நாளைக்குச் சரி. ஏன் தாமதமாக வருகிறாள் என்று பாருங்கள். அம்மா பூந்தோட்ட வேலைக்கோ தக்காளி பறிக்கவோ விடியற்காலையில் போய்விடுகிறாளா? அப்படியானால் பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளை ஒன்றைக் கூட்டிவரச் சொல்லலாம். சமையல் அக்காவிடமும் ஒரு தட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.

வரப்பில்நிற்பவன் | திங்கள், இரவு 11.04

அந்தத் தடிமனான குச்சியை என்ன செய்தீர்கள்?

வேம்படி | திங்கள், இரவு 11.10

ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன் அண்ணா.

ஒரு உதவி வேண்டும். தெலுங்கு தெரிந்தவர்கள் யாராவது நாளைக் காலைக்குள் பத்துச் சொல் எழுதித் தருவீர்களா? பாடத்துக்கு அல்ல. பசி, தண்ணீர், வலி, வீடு, இந்த மாதிரி.

ஓசூர்_தறி | செவ்வாய், காலை 5.50

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தெலுங்குதான்.

தண்ணீர்: நீள்ளு. பசி: ஆகலி. சாப்பாடு: அன்னமு, பேச்சில் அன்னம். வலி: நொப்பி. தலை: தல. வீட்டுக்கு: இண்டிக்கி. அம்மா வேண்டும்: அம்ம காவாலி. வா: ரா. பயம்: பயம், இது மட்டும் ஒன்றேதான். வயிறுதான் உங்களுக்குத் தெரிந்துவிட்டதே.

"ரா" என்று பிள்ளையைக் கூப்பிடலாம். தலைமை ஆசிரியையை அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

வேம்படி | செவ்வாய், இரவு 8.30

நன்றி ஓசூர்_தறி. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன். "ஆகலியா?", "அம்ம காவாலியா?" என்று கேட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு, என் உச்சரிப்பு அப்படி. சுவரைப் பார்த்து உட்காருகிற அந்தப் பெண் இன்று என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "காவாலி இல்ல டீச்சர், காவாலா" என்று திருத்தினாள். இந்த ஊரில் அப்படித்தானாம். நோட்டில் மாற்றி எழுதிவிட்டேன். எட்டரைக்கே வந்துவிட்டாள், கிச்சடி இரண்டு கரண்டி. தோசைகளை அரைத் தோசைக்காரன் பார்த்துக்கொண்டான்.